நடைபாதையில் விழுந்தால்: சிகிச்சையும் ஆறு மாதக் கெடுவும்

கோடை வந்துவிட்டால் மில்பிடாஸ் தெருக்களில், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள் மாலையில் காலாற நடப்பதைப் பார்க்கலாம். மரத்தின் வேர் தூக்கிவிட்ட நடைபாதையில் கால் தடுக்கி விழுவதும் உண்டு. "ஒண்ணுமில்லை, தைலம் தேய்ச்சா சரியாயிடும்" என்பார்கள். அதை நம்பி விட்டுவிட்டால் உடல்நலத்துக்கும் கேடு, நஷ்ட ஈட்டுக்கும் கேடு.

முதலில் உடம்பு

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. எழுந்து நிற்க முடியாமல் இடுப்பு வலித்து, ஒரு கால் குட்டையாகவோ வெளிப்புறம் திரும்பியோ தெரிந்தால் எலும்பு முறிந்திருக்கலாம். தூக்கி நிறுத்தாமல் 911ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லவேண்டும். எங்கே, எதில் தடுக்கி விழுந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மருத்துவக் குறிப்பில் ஏறினால் பின்னால் உதவும்.

சட்டம் வந்த கதை

ஒரு காலத்தில் கலிஃபோர்னியாவில் அரசு அமைப்புகளிடம் நஷ்ட ஈடு பெறுவது மிகக் கடினம். இடுப்பெலும்பு முறிவுக்காகக் கார்னிங் என்ற ஊரின் பொது மருத்துவமனையில் சேர்ந்த பெண்மணி ஒருவர், ஊழியர்களின் கவனக்குறைவால் அங்கே விழுந்து மேலும் அடிபட்டதாக வழக்குத் தொடுத்தார். 1961இல் மாநில உச்ச நீதிமன்றம் அரசுக்கு இருந்த அந்தப் பழைய பாதுகாப்பை நீக்கியது. 1963இல் சட்டமன்றம் இயற்றிய சட்டமே இன்றும் இத்தகைய கிளெய்ம்களுக்கு அடிப்படை.

கெடு எவ்வளவு?

சாதாரண விபத்து வழக்குக்கு இங்கே 2 ஆண்டு அவகாசம் உண்டு. நகராட்சி போன்ற பொது அமைப்பு என்றாலோ, காயத்துக்கான கிளெய்மை 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் கொடுத்தாக வேண்டும். அறுவை சிகிச்சை, பிஸியோதெரபி என்று அலைவதிலேயே அந்த 6 மாதம் ஓடிவிடும். குணமாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தவறவிட்டால், ஓராண்டுக்குள் காரணம் காட்டித் தாமத அனுமதி கேட்கலாம்; கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

யாரிடம், எப்படி?

மில்பிடாஸ் நகரத்துக்குச் சொந்தமான இடம் என்றால் கலாவராஸ் புலவார்டில் உள்ள சிட்டி ஹாலில் சிட்டி கிளார்க்கிடம் கொடுக்கவேண்டும். மான்டேக் எக்ஸ்பிரஸ்வே சான்டா கிளாரா கவுண்டியின் பொறுப்பு. பஸ்ஸில் அடிபட்டால் விடிஏ. அரசுப் பள்ளி வளாகம் என்றால் பள்ளி மாவட்டம்.

பெயர், முகவரி, தேதி, இடம், நடந்த விதம், காயம், செலவு ஆகியவற்றை எழுதவேண்டும். 10,000 டாலருக்கு மேற்படாத கிளெய்ம் என்றால் தொகையையும் குறிப்பிடவேண்டும். விசிட்டர் விசாவில் வந்தவரும் கேட்கலாம். அவர் ஊர் திரும்பிவிட்டாலும் அவர் சார்பில் பிள்ளைகள் கையெழுத்திடலாம்.

விழுந்த இடத்தை அன்றைக்கே, பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பின்னர் செப்பனிட்டுவிட்டால் ஆதாரம் போய்விடும். போட்டிருந்த செருப்பு, மருத்துவ ரசீதுகள், பார்த்தவர்களின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள்.

பொதுவாக 45 நாளில் பதில் வரவேண்டும். பதிலே இல்லையென்றால் நிராகரித்ததாகப் பொருள். எழுத்து மூலம் நிராகரித்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்குத் தொடரவேண்டும். காயம் பெரிதென்றால் தொடக்கத்திலேயே வழக்கறிஞரைப் பாருங்கள்.

எல்லாம் ஏற்கப்படுமா?

இல்லை. மிகச் சிறிய மேடுபள்ளத்துக்கு நகராட்சி பொறுப்பாகாது. பழுது இருப்பது நகராட்சிக்குத் தெரிந்திருக்கவேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு நாட்பட்டதாக இருக்கவேண்டும். சரிசெய்ய அவகாசமும் இருந்திருக்கவேண்டும். அருகிலுள்ள சான் ஹோசேயில், வீட்டுமுன் உள்ள நடைபாதையைச் சரியாகப் பராமரிக்காத வீட்டுக்காரரே விழுந்தவருக்குப் பொறுப்பு என்ற நகர விதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004இல் ஏற்றது. அங்கே வீடு வாங்கியவர்கள் கவனிக்க!

உங்கள் தெருவில் நடைபாதை தூக்கிக்கொண்டிருந்தால் இந்த வாரமே நகராட்சிக்கு எழுதித் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்துவிட்டால் யாரும் விழமாட்டார்கள். செய்யாவிட்டால், நகராட்சிக்கு முன்பே தெரியும் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.