சீனியைக் குறைத்தால் ஜாம் கெடும்

கிளிவெட்டிப் பக்கம் நாவல்பழம் மரத்தடியில் விழுந்து வீணாகிறது. மலைநாட்டு லயத்தோட்டத்தில் ஸ்ட்ரோபெரியும் பழுத்தால் சீக்கிரம் அழுகிப்போகும். ஜாம் காய்ச்சி வைத்தால் பிள்ளைகளுக்குப் பாணோடும் ரொட்டியோடும் கொடுக்கலாம்.

நாவல்பழத்தைக் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, பிசைந்து, கொட்டையை எடுங்கள். ஸ்ட்ரோபெரி என்றால் காம்பை நீக்கி மசித்தால் போதும். 1 கிலோ சதைக்கு 1 கிலோ சீனியும் 2 தேசிக்காய்ச் சாறும் சேர்த்துக் கிண்டிக் காய்ச்சுங்கள். குளிர்ந்த கோப்பையில் ஒரு துளி விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும். 10 நிமிடம் கொதிக்க வைத்த போத்தலில் சூட்டோடு ஊற்றி மூடுங்கள்.

விலையைப் பார்த்துச் சீனியைப் பாதியாக்காதீர்கள். பழத்துத் தண்ணீரைச் சீனி பிடித்து வைத்துக்கொள்வதால்தான் பூஞ்சணம் வளர்வதில்லை. சீனி குறைஞ்சா பழமும் போச்சு, போட்ட சீனியும் போச்சு. கையில் இருப்பது அரைக் கிலோ சீனி என்றால், நாம் அரைக் கிலோ பழம் மட்டும் காய்ச்சுவோம்.