முதல் வீடு: நம் பிள்ளைகளுக்கு ஏன் எட்டாமல் போகிறது?



நம் அறக்கட்டளைக்கு உதவியும் ஆலோசனையும் கேட்டு வரும் இளைஞர்கள் முன்பெல்லாம் படிப்புச் செலவு, மருத்துவச் செலவு, தொழில் தொடங்கும் முதல் ஆகியவற்றைப் பற்றியே பேசுவார்கள். இப்போது வீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். "சம்பாதிக்கிறோம், ஆடம்பரம் எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு வீடு கட்ட முடியவில்லையே, ஏன்?" என்பதே அவர்கள் கேள்வி. "அந்தக் காலத்தில் நாங்கள் கட்டவில்லையா?" என்று பெரியவர்கள் சொல்வதும் காதில் விழுகிறது. இது பிள்ளைகளின் ஊதாரித்தனத்தால் வந்ததா, கணக்கே மாறிவிட்டதா என்பதை இந்த இதழில் விளக்க முற்படுகிறோம்.

விலையை மட்டும் பார்த்தால் போதாது

ஒரு வீடு எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. வீட்டின் மொத்த விலையை ஆண்டு வருமானத்தால் வகுக்க வேண்டும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் எத்தனை ஆண்டுச் சம்பளத்தைச் சேர்த்தால் அந்த வீடு கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். மூன்று வகை ஊர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே உள்ள விலையும் சம்பளமும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே கணக்கிடலாம்.

முதலில் சென்னைப் புறநகர். 800 சதுர அடி அடுக்குமாடி வீடு, சதுர அடி 7,000 ரூபாய் என்றால் 56 லட்சம். வாங்க நினைக்கும் தம்பிக்கு மாதம் 40,000 சம்பளம், அதாவது ஆண்டுக்கு 4.80 லட்சம். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுச் சம்பளம் வேண்டும்.

அடுத்து உள்மாவட்டத்துச் சிற்றூர். சென்ட் 3 லட்சம் வீதம் மூன்று சென்ட் மனை 9 லட்சம். அதில் 700 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,200 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் 15.40 லட்சம். மொத்தம் 24.40 லட்சம். சென்னை விலையில் பாதிகூட இல்லை. ஆனால் அந்த ஊரில் கடையிலோ பட்டறையிலோ வேலை செய்யும் இளைஞருக்கு மாதம் 20,000 கிடைத்தால், அவருக்கும் பத்து ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் தேவைப்படுகிறது. "ஊரில்தான் மலிவு" என்று நாம் சொல்வது விலையைப் பொறுத்தவரை உண்மை. வருமானத்தோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் மிகக் குறைவு.

மூன்றாவது, வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் நம் போன்ற ஊர்கள். இங்கே அதே மூன்று சென்ட் மனைக்குச் சென்ட் 8 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டோடு சேர்த்து 39.40 லட்சம் ஆகிறது. வளைகுடாவில் இருந்து மாதம் 60,000 மிச்சம் பிடிப்பவருக்கு அது ஐந்தரை ஆண்டுப் பணம். அதே தெருவில் ஜவுளிக் கடையில் 18,000 சம்பளம் வாங்குபவருக்கோ பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல். மனை விலையை முடிவு செய்வது அங்கே சம்பாதிக்கும் பணம். அந்த விலையை இங்கே சம்பாதிப்பவரும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே தெருவில் பிறந்த இருவருக்கு நடுவே இந்த இடைவெளி விழுந்திருப்பதை நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

விலைக்கு மேல் வரும் செலவு

விலையைச் சேர்த்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் பத்திரப் பதிவின்போது திகைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 9 சதவீதம். 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்தில் இருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அதே நேரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. புதிதாகக் கட்டி முதல் முறை விற்கப்படும் அடுக்குமாடி வீட்டுக்கு, மதிப்பு 50 லட்சம் வரை என்றால் முத்திரைத் தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி.

நம் 56 லட்ச ரூபாய் வீட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த மதிப்புக்கு வங்கிகள் அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீதி 11.20 லட்சம் கையில் இருக்க வேண்டும். பதிவுச் செலவு 7 சதவீதம், 3.92 லட்சம். கட்டி முடிக்காத வீடு என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், 2.80 லட்சம். ஆக ஏறக்குறைய 18 லட்சம் ரொக்கமாகச் சேர்த்த பிறகுதான் சாவியைப் பற்றிப் பேசவே முடியும்.

மீதி 44.80 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. தம்பியின் சம்பளமே அவ்வளவுதான். 20 ஆண்டு முடிவில் அசலைவிட வட்டி அதிகமாக, ஏறக்குறைய 52 லட்சம் போயிருக்கும். வட்டி ஹராம் என்பது நமக்கு மார்க்கத்தின் கட்டளை. அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அது எவ்வளவு பெரிய சுமை என்பது புரியும்.

வட்டியில்லா வழி ஏன் இங்கே குறுகலாக இருக்கிறது?

மலேசியாவில் 1983-லேயே இஸ்லாமிய வங்கி வந்துவிட்டது. பிரிட்டனில், வங்கி வீட்டை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்கும்போது இரண்டு முறை முத்திரை வரி விழும் சிக்கலை 2003-ல் சட்டம் போட்டே நீக்கினார்கள். அங்கெல்லாம் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை. இஸ்லாமிய வங்கி முறையை மேற்கொண்டு பரிசீலிப்பதில்லை என்று 2017-ல் ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டது. ஆகவே இங்கே வட்டியைத் தவிர்க்க நினைக்கும் இளைஞருக்குக் குடும்பமும் ஜமாஅத்தும்தான் துணை. அந்தத் துணையை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று பார்ப்போம்.

குடும்ப மனை: தந்தையின் மனையில் ஒரு பகுதியைப் பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் ஆக எழுதினால் 9 சதவீதம் கட்ட வேண்டியதில்லை. குடும்பத்தாருக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் உயிரோடு இருக்கும்போது கொடுக்கும் அன்பளிப்பில் பிள்ளைகளுக்கிடையே நீதி செலுத்த வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதல். ஒரு மகனுக்கு மனை கொடுத்தால் மற்றவர்களுக்கு என்ன என்பதையும் அன்றே பேசி முடியுங்கள்.

அழகிய கடன்: மாமா, பெரியப்பா, அண்ணன் ஆகியோரிடம் வாங்கும் கடனையும் எழுதிக்கொள்ளுங்கள். திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதி, சாட்சி வைப்பது பற்றியதுதான். இன்னொன்று, 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதையும், சொத்துக்கு முன்பணம் பெறுவதையும் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். வங்கிக் கணக்கு வழியாகவே கொடுத்து வாங்குங்கள்.

கூட்டாக வாங்கிப் பங்கைக் குறைத்து வருவது: 24 லட்ச ரூபாய் வீட்டில் தம்பி 8 லட்சம், அண்ணன் 16 லட்சம் போடுகிறார்கள். வீட்டின் நியாயமான வாடகை மாதம் 6,000 என்றால், அண்ணனின் மூன்றில் இரண்டு பங்குக்கு 4,000 ரூபாயைத் தம்பி வாடகையாகக் கொடுத்துக் குடியிருக்கிறார். கையில் சேரும்போதெல்லாம் அண்ணனின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறார். பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும். அண்ணனுக்கு வருவது சொத்தின் வாடகை, அது வட்டி ஆகாது. வீட்டுக்குச் சேதம் வந்தால் இருவரும் பங்குக்கு ஏற்பத் தாங்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். பங்கு கைமாறும் ஒவ்வொரு பத்திரத்துக்கும் அரசுக் கட்டணம் உண்டு என்பதால், எத்தனை பத்திரம், எப்போது என்பதை முன்கூட்டியே ஓர் ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் காட்டி முடிவு செய்யுங்கள்.

அரசு உதவி: கிராமப் பகுதியில் சொந்த மனை வைத்துக் குடிசையில் வாழ்வோருக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. நகரப் பகுதியில், 2024-ல் தொடங்கிய பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் எங்கும் நிலையான வீடு இல்லாதவர்கள் சொந்த மனையில் கட்ட மானியம் பெறலாம். இவை திருப்பிக் கட்டத் தேவையில்லாதவை, வட்டியும் இல்லை. அதே திட்டத்தில் உள்ள வட்டி மானியம் என்பது வங்கிக் கடனோடு இணைந்தது. அது வேறு, இது வேறு என்று தெரிந்து விண்ணப்பியுங்கள். மேலும் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சத்துக்குட்பட்ட மனையோ வீடோ பெண்கள் பெயரில் பதிவானால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. நம் 9 லட்ச ரூபாய் மனைக்கு 9,000 ரூபாய் மிச்சம்.

நாம் மாற்ற வேண்டியவை

விலை உயர்வுக்கு அரசையும் தரகர்களையும் மட்டும் குறை சொல்ல முடியாது. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் முள் முளைத்துக் கிடக்கும் மனைகளையும் எண்ணிப் பாருங்கள். குடியிருக்க வீடு கட்டுவதற்காக வாங்கிய மனைக்கு ஜகாத் இல்லை. விலை ஏறினால் விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்கிய மனை வியாபாரப் பொருளாகும். அதன் அன்றைய சந்தை மதிப்புக்கு ஆண்டுதோறும் ஜகாத் உண்டு என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. இரண்டாவது, மூன்றாவது மனை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைத் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்த மனைகளில் ஒன்றை வீடில்லாத உறவினருக்குத் தவணையில், வட்டியில்லாமல் கொடுத்தால் ஒரு குடும்பம் நிமிரும். வீட்டுக்காகச் சேர்த்து வைக்கும் பணமும் நிஸாபை எட்டி ஓராண்டு கடந்தால் ஜகாத்துக்கு உரியது என்பதை இளைஞர்களும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்வது நீண்டகால வழக்கம். பெண் பிள்ளை தன் உம்மா அருகிலேயே, தன் பெயரில் உள்ள வீட்டில் பாதுகாப்பாக வாழ்வது நல்லதுதான். தந்தை மனமுவந்து கொடுப்பதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் "வீடு இருந்தால்தான் சம்பந்தம்" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது அது நிபந்தனையாகிவிடுகிறது. மூன்று பெண்களைப் பெற்ற தந்தை இன்றைய விலையில் மூன்று வீடு கட்ட வேண்டும். அதற்காக வாப்பா அறுபது வயதிலும் வெளிநாட்டில் இருக்கிறார், அண்ணன் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறார், சிலர் வட்டியில் போய் விழுகிறார்கள். மஹர் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை என்பதே மார்க்கம். வாடகை வீட்டில் இல்லறம் தொடங்குவது இழிவல்ல என்பதை ஜமாஅத்தும் மாப்பிள்ளை வீட்டாரும் வாய்விட்டுச் சொன்னால் பல வீடுகளில் நிக்காஹ் நேரத்தில் நடக்கும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. தாய்ப் பத்திரம், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரில் பட்டா.

2. மனைப் பிரிவுக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20-க்குப் பின் உருவான அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய முடியாது.

3. அடுக்குமாடி என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்.

4. வக்ஃபு சொத்தா என்ற விசாரணை. வில்லங்கச் சான்றில் தெரியாமல் போகலாம். பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் வக்ஃபு வாரியத்திடமும் கேளுங்கள். அல்லாஹ்வுக்காக விடப்பட்ட சொத்தைத் தெரியாமல் வாங்கினாலும் பணமும் போகும், நிம்மதியும் போகும்.

5. வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க அனுமதி இல்லை.

இளைஞர்களே, முப்பது வயதுக்குள் வீடு இல்லை என்பதால் நீங்கள் தோற்றுவிடவில்லை. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், பாரம் உண்மையிலேயே கூடியிருக்கிறது. பெரியவர்களே, அந்தக் கணக்கை ஒரு முறை உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். யாரிடம் எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு பொறுப்பார் என்பதை வீட்டுக்குள் வெளிப்படையாகப் பேசினாலே பாதி வழி தெரியும். பத்திரங்களைச் சரிபார்க்கவும், மானிய விண்ணப்பம் எழுதவும் உதவி தேவைப்படுவோர் நம் அலுவலகத்துக்கு வரலாம், இன்ஷா அல்லாஹ் இயன்றதைச் செய்வோம்.

வட்டியின் நிழல் படாத, பரக்கத் நிறைந்த வீடுகளை நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.