செஞ்சியில அப்பா இடம் இருக்கு, கையில ரெண்டு சம்பளம் இருக்கு: வீடு கட்டலாமா?



"இடம் அப்பாவோடது சார், மனைக்குச் செலவே இல்ல. ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பேங்க்ல லோன் தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஆரம்பிச்சிடலாமா?" சின்ன ஊர்ல வீடு கட்ட நினைக்கிற இளம் தம்பதிகள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் வரும். இன்னைக்கு இதை செஞ்சியை வச்சே பார்க்கலாம். சம்பளம், சதுர அடி விலை எல்லாம் நான் கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள். அந்த இடத்துல உங்க எண்ணைப் போட்டுக்கோங்க.

ஒரு ஜோடி இருக்காங்கன்னு வச்சுக்குவோம். கணவர் திண்டிவனம் பக்கம் ஒரு கம்பெனியில, கைக்கு வர்றது 38,000. மனைவி செஞ்சியிலேயே தனியார் பள்ளி ஆசிரியை, 24,000. மொத்தம் 62,000. வாடகை 7,000. சேமிப்பு 6 லட்சம். கல்யாணக் கடன் எல்லாம் அடைச்சாச்சு. (உங்களுக்கு இன்னும் நகைக் கடன், பெர்சனல் லோன் ஓடுதுன்னா முதல்ல அதை முடிங்க. வீடு அப்புறம்.)

வங்கி சொல்ற தொகை உங்க பட்ஜெட் இல்ல

சம்பளத்துல பாதி வரைக்கும் இஎம்ஐ போகலாம்னு ஒரு வங்கி கணக்குப் போட்டா, 31,000 ரூபாய். 8.5% வட்டி, 20 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு மாசம் சுமார் 868 ரூபாய் இஎம்ஐ. அப்படிப் பார்த்தா இவங்களுக்கு 35 லட்சம் வரைக்கும் தகுதி காட்டும். இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க. அந்தத் தகுதி, ரெண்டு சம்பளமும் 20 வருஷம் நிக்காம வரும்ங்கிற நம்பிக்கையில போட்ட கணக்கு. குழந்தை பிறந்து ஒரு வருஷம் வேலைக்குப் போக முடியலைன்னா? கம்பெனியில ஆள் குறைச்சா?

அதனால நான் பார்க்கிற அளவுகோல் வேற: ஒரு சம்பளம் நின்னாலும் இஎம்ஐ நிக்காம இருக்கணும்.

1,000 சதுர அடி கட்டினா

கான்ட்ராக்டர் மெட்டீரியலோட சதுர அடிக்கு 2,300 சொல்றார்னு வைங்க. 23 லட்சம். ஆனா அந்த ரேட்டுக்குள்ள வராத செலவு பல இருக்கும்: போர், மோட்டார், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கேட், கரன்ட் இணைப்பு, பிளான் அனுமதி, அலமாரி வேலை, வங்கியோட லீகல், பிராசசிங் கட்டணம். இதுக்கு 20% சேர்த்தா 4.6 லட்சம். மொத்தம் 27.6 லட்சம். கிரகப்பிரவேசச் செலவு இன்னும் சேரல.

30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்புல 90% வரைக்கும் தரலாம்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. ஆனா அது உச்சவரம்பு. 80% தர்றாங்கன்னு எடுத்துக்குவோம்.

- கடன்: 22 லட்சம். இஎம்ஐ: சுமார் 19,100.
- கைக்காசு: 5.6 லட்சம். சேமிப்புல மிச்சம்: 40,000.
- மனைவி சம்பளம் நின்னா கையில மிஞ்சறது: 18,900.
- கணவர் சம்பளம் நின்னா மிஞ்சறது: 4,900.

வீடு எழும்பிடும். ஆனா ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா கூட நகை அடகுக்குப் போகும்.

750 சதுர அடி கட்டினா

அதே ரேட்டுல 17.25 லட்சம், கூட 20% சேர்த்து 20.7 லட்சம்.

- கடன்: 16.5 லட்சம். இஎம்ஐ: சுமார் 14,300.
- கைக்காசு: 4.2 லட்சம். மிச்சம்: 1.8 லட்சம், அதாவது ஒரு வருஷ இஎம்ஐ கையிருப்பு.
- மனைவி சம்பளம் நின்னா மிஞ்சறது: 23,700.
- கணவர் சம்பளம் நின்னா மிஞ்சறது: 9,700. கஷ்டம்தான். ஆனா இன்னொரு வேலை தேடற வரைக்கும் இஎம்ஐயைக் கட்ட அந்தக் கையிருப்பு இருக்கு.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 250 சதுர அடிக்கு, 20 வருஷத்துல வங்கிக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல கூடுதலாக் கட்டுவீங்க. பின்னாடி மாடி எடுக்கிற மாதிரி கடக்காலும் பில்லரும் போடச் சொல்லுங்க. இப்போ கொஞ்சம் செலவு கூடும், அதைக் கொட்டேஷன்லயே தனியா எழுதி வாங்குங்க. சம்பளம் ஏறினப்புறம் மாடி கட்டிக்கலாம்.

கட்டுற மாசங்கள்ல ரெட்டைச் செலவு

வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே நாள்ல தராது. கடக்கால், லிண்டல், கான்கிரீட், பூச்சுன்னு ஒவ்வொரு நிலைக்கும் பார்த்துத்தான் விடுவாங்க. அதுக்கு முன்னாடி உங்க பங்கு உள்ள போயிருக்கணும். விட்ட தொகைக்கு அப்போதுல இருந்தே வட்டி ஓடும். முழுக் கடனும் வாங்கின கட்டத்துல 16.5 லட்சத்துக்கு மாச வட்டி சுமார் 11,700. வாடகை 7,000 சேர்த்தா 18,700. பத்து மாசத்துல முடியும்னு சொன்ன வேலை கடைசிக் கட்டத்துல நின்னு எட்டு மாசம் இழுத்தா, ஒரு செங்கல் கூட ஏறாம சுமார் 1.5 லட்சம் போயிடும். அதனால எந்த நிலைக்கு எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள்ள முடியணும்னு ஒப்பந்தத்துல எழுதுங்க. வேலை முடியாம அடுத்த தவணையைக் கொடுக்காதீங்க.

அப்பா இடம்னா, யார் பேர்ல வீடு?

இதைப் பேசத்தான் எல்லாரும் தயங்குறாங்க. மாமனார் மனையில, மருமகளும் சேர்ந்து 20 வருஷம் இஎம்ஐ கட்டறாங்க. பத்திரத்துல அவங்க பேர் இல்ல. நாளைக்கு கணவரோட அண்ணன், தங்கச்சி பங்கு கேட்டா?

முதல்ல, அந்த இடம் அப்பா சொந்தமா வாங்கினதா, பூர்வீகமா பாருங்க. பூர்வீகம்னா மத்த வாரிசுகளோட பாகப்பிரிவினை முடிக்காம கடக்கால் தோண்டாதீங்க. அப்பா வாங்கின இடம்னா, அவர் மகனுக்கு செட்டில்மென்ட் எழுதலாம். தமிழ்நாட்டுல குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை 1%, அதிகபட்சம் 40,000. பதிவுக்கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. இந்தச் சலுகைக்கான குடும்பப் பட்டியல்ல மருமகள் வரமாட்டாங்க. ஆனா மனைவி வருவாங்க. அதனால இடம் மகன் பேருக்கு வந்ததும், அவர் பாதியை மனைவிக்கு எழுதி வைக்கலாம். பட்டாவையும் மாத்திடுங்க. ரெண்டு பத்திரச் செலவு ஆகுதேன்னு பார்க்காதீங்க. இஎம்ஐ கட்டறவங்க ரெண்டு பேருன்னா, பத்திரத்துலயும் ரெண்டு பேர் இருக்கணும்.

செஞ்சிக்குன்னே ஒரு கேள்வி: கோட்டையில இருந்து எத்தனை மீட்டர்?

2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகள்ல, தமிழ்நாட்டுல இருக்கிறது செஞ்சிக் கோட்டை மட்டும்தான். ஊருக்குப் பெருமை. ஆனா வீடு கட்டறவங்க கவனிக்க வேண்டிய சட்டம் அதுக்கு முன்னாடியே இருக்கு. தொல்லியல் துறை பாதுகாக்கிற மத்திய அரசு நினைவுச்சின்னத்தோட எல்லையில இருந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடம் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல கட்டணும்னா முன் அனுமதி வேணும். தடையை மீறினா 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மலை உச்சியில இருந்து அளக்காதீங்க. பாதுகாக்கப்பட்ட பகுதியோட எல்லையில இருந்துதான் அளவு. உங்க இடம் அந்த 300 மீட்டருக்குள்ள வருமோன்னு சந்தேகம் இருந்தா, கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தோட அனுமதி பத்தி விசாரிங்க. "பக்கத்து வீட்டுக்காரர் கட்டிட்டாரே" அப்படிங்கிறது அனுமதி ஆகாது.

வரிச் சலுகை, மானியம்

"வீட்டுக் கடன் வாங்கினா வரி மிச்சம்"னு யாராவது சொன்னா, இவங்க விஷயத்துல மிச்சம் பூஜ்யம். 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்ல. கட்டாத வரியில என்ன மிச்சம் பண்றது? வரிக்காகக் கடன் தொகையை ஏத்தாதீங்க.

உண்மையிலேயே பார்க்க வேண்டியது பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் 2.0. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள்ள, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள, நாட்டுல எங்கயும் சொந்தப் பக்கா வீடு இல்லைன்னா, 5 ஆண்டுத் தவணையா 1.80 லட்சம் வரை வட்டி மானியம் இருக்கு. உங்க இடம் பேரூராட்சி எல்லைக்குள்ள வருதான்னும், தகுதி இருக்கான்னும் வங்கியில கேளுங்க. கிடைச்சா கடன் குறையும். ஆனா அதை நம்பி ஒரு ரூம் கூட்டாதீங்க.

அப்போ கட்டலாமா?

இந்த ஜோடி 750 சதுர அடி கட்டலாம். 1,000 இப்போ வேண்டாம். அதுவும் பத்திரத்துல ரெண்டு பேர் பேரும் ஏறி, கோட்டை தூரம் தெளிவாகி, ஒரு வருஷ இஎம்ஐ தனியா எடுத்து வச்சப்புறம்தான்.

நீங்க சென்னையில வேலை பார்த்துக்கிட்டு ஊர்ல கட்ட நினைக்கிறீங்கன்னா கணக்கு இன்னும் இறுகும். அங்க வாடகை நிக்காது, இங்க இஎம்ஐ நிக்காது. அப்பா அம்மா அந்த வீட்டுல இருக்கப் போறாங்கன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. பூட்டி வைக்கத்தான்னா கொஞ்சம் பொறுங்க.

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அடுத்த ஆறு மாசம், வாடகை போக 14,300 ரூபாயை சம்பளம் வந்த அன்னைக்கே தனிக் கணக்குல போடுங்க. ஒரு மாசம் கூட எடுக்காம ஓட்ட முடிஞ்சா, கட்டுற மாசங்களோட ரெட்டைச் செலவையும் உங்களால தாங்க முடியும். கூடவே 85,800 ரூபாய் சேர்ந்திருக்கும். நடுவுல எடுக்க வேண்டி வந்தா, நல்லவேளை, கடன் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டீங்க.