அவரவர்க்குரிய தவணை



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் வீடுகளில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை தேர்ச்சி பெற்றுவிட்டது என்ற செய்தி வந்ததும் 'அல்ஹம்து லில்லாஹ்' என்று சொன்ன அதே நாவு, அடுத்த நொடியே, "உன் மாமா மகன் எவ்வளவு எடுத்தான்?" என்று கேட்கிறது. பிள்ளையின் முகத்தில் அரும்பிய மகிழ்ச்சி அங்கேயே வாடிவிடுகிறது. அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்த வேண்டிய நேரம், அடுத்தவர் வீட்டுக் கணக்கைப் பார்க்கும் நேரமாக மாறிவிடுகிறது.

அரசு கைவிட்ட பட்டியல்

முன்பெல்லாம் பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளுடன் மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் முதலிடங்களைப் பெற்றவர்களின் பட்டியலும் வெளியிடப்பட்டு வந்தது. மாணவர்களிடையே வேண்டாத போட்டியையும் மன உளைச்சலையும் அது உண்டாக்குகிறது என்பதால், 2017 மே மாதத்தில் தமிழக அரசு அந்த முறையைக் கைவிட்டது. அப்போது பள்ளிக் கல்வி அமைச்சராக இருந்தவர், நமது கொங்கு மண்டலத்தின் கோபிச்செட்டிபாளையம் தொகுதியைச் சேர்ந்த கே.ஏ. செங்கோட்டையன் அவர்கள்.

அரசு கைவிட்ட அந்தப் பட்டியலை நாம் நம் வீட்டிற்குள் தயாரித்துக் கொண்டிருக்கிறோம். அதில் மதிப்பெண் மட்டும் இடம்பெறுவதில்லை. யாருடைய மகன் வளைகுடாவில் எவ்வளவு சம்பாதிக்கிறான், யார் மாடி வீடு கட்டினார், யார் வீட்டு நிக்காஹ் எந்த மண்டபத்தில் நடந்தது என்று அது நீண்டுகொண்டே போகிறது. அடுத்தவரைவிட ஒரு படி மேலே நிற்க வேண்டும் என்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கித் திருமணம் நடத்துவோரும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் ஒரு முஃமினை ஹராமின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டம் சொல்லும் பாடம்

நொய்யல் பாயும் நமது தொண்டாமுத்தூர் வட்டாரத்தில் உள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சின்ன வெங்காயம் இரண்டரை மாதத்திற்குள் அறுவடைக்கு வந்துவிடும். வாழை ஏறத்தாழ ஓராண்டில் தார் தரும். பாக்குக் கன்றோ காய்ப்புக்கு வர 5 முதல் 7 ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, வெயிலும் ஒன்றுதான். ஆனால் படைத்தவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணையை வைத்திருக்கிறான். பக்கத்து வாழை தார் விட்டுவிட்டது என்பதற்காக இரண்டாம் ஆண்டிலேயே பாக்குக் கன்றைப் பிடுங்கி எறியும் விவசாயியை நீங்கள் கண்டதுண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். இளம் பாக்குக் கன்று கடும் வெயிலைத் தாங்காது. ஆகவே, அதன் இடையில் வாழையை நட்டு நிழல் உண்டாக்குகிறார்கள். விரைவாக வளர்வது, மெதுவாக வளர்வதற்கு நிழலாக நிற்கிறது. முந்திச் சென்ற அண்ணனும், நன்கு படிக்கும் மாமா மகனும் நம் பிள்ளைக்கு இவ்வாறு நிழலாக இருக்க வேண்டியவர்கள். அவர்களைக் காட்டிக் காட்டியே அந்தப் பிள்ளையைச் சுட்டெரிப்பவர்கள் நாம்தான்.

முஆத் (ரலி) அவர்களின் தொழுகை

குர்ஆனை யாரிடம் கற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நால்வரில் ஒருவர் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்கள். ஓர் இரவு அவர்கள் தம் கூட்டத்தாருக்கு இஷா தொழுகை நடத்தினார்கள். தண்ணீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டுடன் வந்த ஒருவர், அவற்றை நிறுத்திவிட்டு ஜமாஅத்தில் சேர்ந்தார். முஆத் (ரலி) அவர்களோ மிக நீண்ட அத்தியாயத்தை ஓதத் தொடங்கினார்கள். அம்மனிதர் ஜமாஅத்திலிருந்து விலகிச் சென்றுவிட்டார். அவரைப் பற்றி முஆத் (ரலி) அவர்கள் குறை கூறினார்கள்.

செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தது. பாடுபட்டுக் களைத்து வந்தவரை அவர்கள் கண்டிக்கவில்லை. முஆதே, நீர் மக்களைச் சோதனைக்கு உள்ளாக்குபவரா என்ற கருத்தில் மும்முறை கேட்டார்கள். பின்னால் தொழுபவர்களில் முதியவரும் பலவீனரும் தேவையுடையவரும் இருப்பார்கள் என்று நினைவூட்டி, சிறிய அத்தியாயங்களை ஓதுமாறு கூறினார்கள் (புகாரி). வல்லவரின் அளவு எல்லோருக்கும் பொது அளவு ஆகாது என்பது இதில் நமக்குக் கிடைக்கும் படிப்பினை. இல்லத்தின் இமாமாகிய தந்தை தம் பின்னால் நிற்கும் பிள்ளைகளில் யார் பலவீனர் என்று அறிந்திருக்க வேண்டாமா?

மதரஸாவிலும் இதே நிலைதான். ஒரு பிள்ளை ஒருமுறை கேட்டதும் சரளமாக ஓதிவிடுகிறது. இன்னொன்று திக்கித் திணறுகிறது. நாம் அந்தப் பிள்ளையை மந்தமானவன் என்கிறோம். திறம்பட ஓதுபவர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பார் என்று கூறிய நபி (ஸல்) அவர்கள், சிரமப்பட்டுத் திக்கி ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்றும் கூறியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்).

மெதுவாகச் செல்வது சோம்பலா?

"அப்படியானால் போட்டியே கூடாதா? முயற்சி வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். நன்மைகளில் முந்திக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் (2:148) ஏவுகிறது. செல்வத்தை நல்வழியில் செலவிடுபவரையும், கல்வி ஞானத்தைப் பிறருக்குக் கற்பிப்பவரையும் கண்டு நாமும் அவ்வாறு ஆக வேண்டும் என்று ஆசைப்படுவதற்கு அனுமதி உண்டு. ஆனால் செல்வத்திலும் தோற்றத்திலும் நம்மைவிட மேலானவரைக் காணும்போது, நம்மைவிடக் கீழே இருப்பவரையும் பார்க்க வேண்டும் என்பது நபிமொழி. அப்போதுதான் அல்லாஹ் நமக்குத் தந்த அருட்கொடை நம் கண்ணுக்குத் தெரியும்.

அல்லாஹ் எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்பது குர்ஆனின் (2:286) வாக்குறுதி. நாளை மறுமையில் நமக்குத் தரப்பட்டதைப் பற்றியே நாம் விசாரிக்கப்படுவோம். அடுத்தவருக்குத் தரப்பட்டதைப் பற்றி நம்மிடம் கேள்வி இல்லை. செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பதும் நபிமொழிதான். நிதானமாகச் செல்லலாம், நின்றுவிடக் கூடாது. நேற்றைய நம்மைவிட இன்று ஒரு படி ஏறியிருக்கிறோமா என்று பார்ப்பதே நமக்குரிய கணக்கு.

பெற்றோர்களே!

தேர்வு முடிவு வரும் நாளில், வேறு எந்தப் பிள்ளையின் பெயரையும் உச்சரிப்பதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிள்ளை தோற்றுவிட்டால், அதே ஆண்டில் துணைத் தேர்வு உண்டு என்பதை முதலில் சொல்லுங்கள். தோல்வியைவிட, "இனி அத்தாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்ற அச்சமே இளம் பிள்ளைகளைத் தற்கொலை எனும் கொடுமைவரை தள்ளிவிடக்கூடும். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அதன் மனம் மிகவும் உடைந்திருந்தால் 104, 14416 ஆகிய அரசின் இலவச ஆலோசனை எண்களுக்குத் தயங்காமல் பேசுங்கள். மருத்துவ உதவி தேடுவது தவக்குலுக்கு முரணானது அன்று.

தாய்மார்களே! அண்டை வீட்டு நகையையும் வீட்டையும் சொல்லிக் கணவரை நெருக்காதீர்கள். அவருடைய ஹலாலான சிறு வருமானத்தில் அல்லாஹ் வைத்துள்ள பரக்கத், கடன் வாங்கிய பெருமையில் இல்லை.

தனக்குக் கிடைத்ததைப் பொருந்திக்கொண்டு, தன்னால் இயன்றதை இடைவிடாது செய்து, பிறர் நன்மை கண்டு மகிழும் உள்ளத்தை வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.