வரிசையில் எவ்வளவு நேரம்? கணக்குச் சொன்ன பேராசிரியர்!

ஞாயிறு மதியம். திண்டுக்கல் பிரியாணிக் கடை வாசலில் உங்களுக்கு முன்னால் 20 பேர். நிமிடத்துக்கு ஒருவருக்கு இடம் கிடைத்தால், உங்கள் முறை வர 20 நிமிடம் ஆகும்.

'காத்திருப்போர் எண்ணிக்கை = நிமிடத்துக்கு வருவோர் × காத்திருக்கும் நேரம்.' நீண்டகாலச் சராசரியில் எந்த வரிசைக்கும் இது பொருந்தும் என்று 1961-ல் நிரூபித்தவர், அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில். 'பொதுவாக நிரூபிப்பது கஷ்டமா சார்?' என்ற ரீதியில் மாணவர் ஒருவர் கேட்டதுதான் தொடக்கம்! 1962-ல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர், 2024-ல் 96 வயதில் மறைந்தார்.

ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு வரிசையில் 60 பேர், நிமிடத்துக்கு ஒரு சீட்டு என்றால், கடைசியில் நிற்கும் பாட்டிக்கு ஒரு மணி நேரம் கால் கடுக்கும். இன்னொரு கவுன்ட்டர் திறந்தால் அரை மணி நேரம்தான்!