மணி அடித்ததும் உள்ளே போகலாம்!

லண்டனில் டூட்டிங் பிராட்வே ஸ்டேஷனில் இறங்கினால் தோசைக் கடை வாசம் மூக்கைத் துளைக்கும். ஈழத்தமிழர்கள் நிறைய வாழும் வட்டாரம் இது. பத்து நிமிடம் நடந்தால் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை, அதே வளாகத்தில் மருத்துவக் கல்லூரி. வாருங்கள், முதலில் நூலகத்தை எட்டிப் பார்த்துவிடலாம். சுவரில் ஒரு மாட்டுத்தோல்! பிளாசம் என்ற பசுவினுடையது. 1796இல் எட்வர்ட் ஜென்னரின் அம்மைத் தடுப்பூசிக்கு மூலமான பசு அம்மை, இந்தப் பசுவிடமிருந்துதான் பால் கறக்கும் பெண்ணுக்குத் தொற்றியது. ஜென்னர் இந்த மருத்துவமனையின் பழைய மாணவர். அந்தத் தோலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதே சிலிர்க்கிறது!

ஆனால் நாம் பார்க்க வந்த அதிசயம் வேறு. பிரிட்டனில் பிளஸ் டூ வயதில் மருத்துவம் கிடைக்காவிட்டால் கதை கிட்டத்தட்ட முடிந்தது என்றிருந்த காலம் போய், 2000ஆம் ஆண்டு இந்தக் கல்லூரி பட்டதாரிகளுக்கென்றே நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. வழக்கமான படிப்பு ஐந்தாண்டு. அதே ஆண்டு லெஸ்டர்–வாரிக் மருத்துவக் கல்லூரியிலும் இப்படி ஒன்று தொடங்கியது. செயின்ட் ஜார்ஜில் எந்தப் பட்டமானாலும் சரி. வரலாறு, இசை, சட்டம் எது படித்தவரும் விண்ணப்பிக்கலாம்! அவர்கள் தாண்ட வேண்டிய தேர்வு ஆஸ்திரேலியாவில் உருவான கேம்சாட். அதில் அறிவியல் பகுதி உண்டு. அதோடு இலக்கியப் பகுதிகளைப் படித்து விடை சொல்லும் தாளும், இரண்டு கட்டுரை எழுதும் தாளும் உண்டு. டாக்டராகப் போகிறவரைக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்தது நேர்காணல். மல்டிபிள் மினி இன்டர்வியூ, சுருக்கமாக எம்எம்ஐ என்பார்கள். நேரில் நடக்கும் நாளில் கல்லூரித் தாழ்வாரமே மியூசிக்கல் சேர் ஆட்டக்களம்தான். வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவிலும் ஒட்டிய ஒரு தாள், அதைப் படிக்க ஒரு நிமிடம். மணி அடிக்கும், உள்ளே போக வேண்டும். ஐந்து முதல் எட்டு நிமிடம். மறுபடி மணி, அடுத்த அறை! ஓர் அறையில் நாற்காலியில் கண் கலங்கிய ஒருவர். அவர் நடிகர்! கெட்ட செய்தி ஒன்றை அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் ஒரு படத்தைக் கையில் கொடுத்து, அதைப் பார்க்காத இன்னொருவரை வாய்ச்சொல்லாலேயே வரைய வைக்கச் சொல்வார்கள். மூலையில் ஒருவர் சத்தமில்லாமல் மதிப்பெண் போடுவார். முந்தைய அறையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. சூட்சுமமே அங்குதான். ஓர் அறையில் சொதப்பினாலும் அடுத்த அறையில் புதிதாகத் தொடங்கலாம். ஒரே ஆளின் விருப்புவெறுப்பு யாருடைய தலையெழுத்தையும் தீர்மானிக்காது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் உருவாக்கி, 2004இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட முறை இது.

இந்த ஏற்பாடு ஏன் என் மனதைத் தொடுகிறது தெரியுமா? இதே கல்லூரியில் 1980களில் விண்ணப்பங்களை முதல்கட்டமாகச் சலித்தது ஒரு கணினி நிரல். மனிதத் தேர்வாளர்கள் முன்பு எப்படித் தேர்ந்தார்களோ அப்படியே தேரும்படி எழுதப்பட்டது. அவர்களுடைய பாகுபாட்டையும் அது அப்படியே பிடித்துக்கொண்டது. பெயர் ஐரோப்பியப் பெயராக இல்லாவிட்டால் பின்னுக்குத் தள்ளும், பெண்ணாக இருந்தாலும் தள்ளும். ஆண்டுக்கு 60 பேர் வரை நேர்காணல் வாசலையே மிதிக்காமல் போனார்கள். கல்லூரியின் விரிவுரையாளர்களான ஜோ கோலியர், ஆக்ரி பர்க் இருவரும் 1986இல் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 1988இல் இனச் சமத்துவ ஆணையம் குற்றத்தை உறுதிசெய்தது. கனகசபை, சிவபாக்கியம் என்ற பெயர்களெல்லாம் அந்த நிரலிடம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்தால் வயிறு எரிகிறது. கோலியருக்கும் பர்க்குக்கும் நான் கும்பிடு போடுவேன்!

உள்ளே வந்தபிறகு பணம் ஒரு பெரிய மலை. இரண்டாம் பட்டத்துக்கு இங்கிலாந்தில் பொதுவாகக் கட்டணக் கடன் கிடையாது. இந்த நான்காண்டுப் படிப்புக்கு விலக்கு உண்டு. முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கைக்காசிலிருந்து கட்டினால், இரண்டாம் ஆண்டிலிருந்து தேசிய சுகாதாரச் சேவையின் உதவித்தொகை ஒரு பங்கை ஏற்கும். அந்த முதலாண்டுப் பணத்தைத் திரட்டுவதற்குள் பலருக்கு நாக்குத் தள்ளிவிடும்.

அதோடு, பட்டம் வாங்கும் அளவுக்கு வசதி வாய்த்தவர்தான் இந்தக் கதவுக்கே வர முடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன வழி? அதற்கும் இங்கே ஓர் ஏற்பாடு செய்தார்கள். மதிப்பெண் குறைவான பள்ளியில் படித்து, அந்தப் பள்ளியின் சராசரியைவிட வெகுவாக மேலே வந்த பிள்ளைக்கு நுழைவு மதிப்பெண்ணைத் தளர்த்தினார்கள். லண்டனிலேயே கிங்ஸ் கல்லூரி 2001இல் ஆறாண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் குறைந்த மதிப்பெண்ணில் சேர்த்து, தொடக்கப் பாடங்களை நிதானமாக நடத்தி, கூடவே ஆளும் வைத்துக் கைகொடுக்கிறார்கள். ஆறாம் ஆண்டு முடிவில் அவர்கள் எழுதுவதும் மற்றவர்கள் எழுதும் அதே இறுதித் தேர்வுதான்!