கரை காக்கும் கலங்கள் – 6: ஆழமில்லாக் கடலில் ஒரு ரோந்துக் கப்பல்

நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக தஞ்சாவூர் மன்னர் இரண்டாம் சரபோஜி மல்லிப்பட்டினத்தில் எழுப்பிய மனோரா கோபுரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். தஞ்சாவூர் என்றதும் வயலும் கோயிலும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று இந்த மாவட்டத்துக்குச் சொந்தமாகக் கடலும் உண்டு. மனோரா போன்ற கோபுரத்தில் நின்று அந்தக் கடலைக் கண்காணிக்கலாம். கண்டதைத் தேடிப் போகக் கப்பல் வேண்டும். இந்தக் கடலுக்கு எப்படிப்பட்ட கப்பல் பொருந்தும்?

பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. கரையோரம் சேறும் கடற்புல்லும். அந்தப் புல்லை மேயும் கடற்பசுக்களுக்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கை எல்லைக் கோடும் கூப்பிடு தூரம்தான். பெரிய போர்க்கப்பல் இங்கே தாராளமாகத் திரும்பக்கூட முடியாது.

இப்படிப்பட்ட கடலுக்கு ஏற்ற கப்பல், கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தில் உருவான கார் நிகோபார் வகை. 2009 முதல் 2011 வரை பத்துக் கப்பல்கள் கடற்படையில் சேர்ந்தன. நீளம் ஏறக்குறைய 49 மீட்டர், எடை 300 டன்னுக்குச் சற்று அதிகம், வேகம் 30 நாட்டுக்கு மேல், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டருக்குக் குறையாது. முன்தளத்தில் 30 மி.மீ. பீரங்கி.

இதன் சிறப்பு அடிப்பகுதியில் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியும் கிடையாது, சுக்கானும் கிடையாது. மூன்று டீசல் எஞ்சின்கள் மூன்று பம்புகளைச் சுழற்றுகின்றன. அவை அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறம் தாரையாகப் பீய்ச்சுகின்றன. தாரையின் வாயைத் திருப்பினால் கப்பல் திரும்பும். தாரையை முன்னோக்கி மடக்கினால் வேகம் குறைந்து பின்வாங்கும். தரை தட்டி விசிறி உடையும் பயம் இல்லை. ஆனால் மெதுவாக ஓடும்போது எண்ணெய் அதிகம் குடிக்கும். கடற்பாசியும் அறுந்த வலையும் உறிஞ்சு வாயை அடைக்கக்கூடும்.

1990இல் ‘ஆபரேஷன் தாஷா’ என்ற பெயரில் தொடங்கிய பாக் கடல் ரோந்துக்கு இன்று வானிலும் துணை உண்டு. உச்சிப்புளியில் 2009 முதல் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம், தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய் போர் விமானப் பிரிவு. வேகத்துக்கும் ஆயுதத்துக்கும் குறைவில்லை. எதிரே வருவது யார் என்று கண்டறிவதில்தான் குறை இருக்கிறது.

2022 அக்டோபர் 21 அதைக் காட்டியது. மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் மீனவர்கள் பத்துப் பேர் சென்ற விசைப்படகு மீது ஐ.என்.எஸ். பங்காரம் என்ற ரோந்துக் கப்பலிலிருந்து சுட்டார்கள். ஒரு மீனவர் காயமடைந்தார். பலமுறை எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை, விசாரணைக்கும் உத்தரவிட்டது. முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காக்க வந்த கப்பலின் குண்டு நம் மீனவர் உடம்பிலேயே பாய்ந்தது நெஞ்சை அறுக்கிறது.

கப்பலை வடிவமைக்கும்போதே அடையாளம் காணும் வழிக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, இருபுறமும் செய்தி அனுப்பும் இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு விசைப்படகிலும் அது பழுதின்றி இயங்க வேண்டும். இந்தக் கடலில் ரோந்து போகும் ஒவ்வொரு கப்பலின் மேல்தளத்திலும் ஒலிபெருக்கியோடு தமிழ் பேசும் வீரர் ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். பீரங்கிக்குப் பயிற்சி கொடுப்பதுபோல, “படகை நிறுத்துங்கள்” என்று மீனவருக்குப் புரியும்படி சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். இந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு, ஒரு எஞ்சினின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

அடுத்த வாரம்: காரைக்காலில் கடலோரக் காவல்படையின் பணி.

(தொடரும்)